மாதம் ரூ.1.20 லட்சம் டூ ரூ.8 ஆயிரம்: சென்னையில் விலை உடைந்த ரத்தப் புற்றுநோய் மாத்திரை... புதுக்கோட்டை நோயாளிக்கு மிச்சமிருக்கும் சவால் என்ன?

ரத்தப் புற்றுநோய் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது முடி கொட்டுவதும், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி படுக்கையும்தான். ஆனால் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு இன்று சிகிச்சை என்பது தினமும் ஒரு மாத்திரை. சாப்பிட்ட பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் போட்டுக்கொண்டு வயலுக்கும் போகலாம், கடைக்கும் போகலாம்.

அந்த மாத்திரையின் பெயர் இமாட்டினிப். ஒரு காலத்தில் இதன் ஒரு மாத விலை சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து 8 ஆயிரம் முதல் 10 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. எது நிலைக்கும் என்ற சண்டை சென்னை காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது.

விலைச் சண்டை முடிந்து 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது நோயாளியின் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்கள்: மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் போடுவது, 3 மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்வது. கேட்க சுலபமாக இருக்கிறது. அறந்தாங்கியிலோ மணமேல்குடியிலோ இருக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு அது அவ்வளவு சுலபமா? விரிவாகப் பார்ப்போம்.

எந்த ரத்தப் புற்றுநோய்க்கு இந்த மாத்திரை?

முதலில் ஒரு தெளிவு. ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. அதில் பல வகைகள் உண்டு. இமாட்டினிப் முக்கியமாக வேலை செய்வது 'நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா' என்ற வகையில். டாக்டர்கள் சுருக்கமாக 'சிஎம்எல்' என்பார்கள். இதே மரபணுக் கோளாறு உள்ள வேறு ஒரு வகை லுக்கேமியாவுக்கும், ஜீரண மண்டலத்தில் வரும் 'ஜிஸ்ட்' என்ற கட்டிக்கும்கூட இந்த மருந்து தரப்படுகிறது. மற்ற ரத்தப் புற்றுநோய்களுக்கு சிகிச்சை வேறு. 'அவருக்கு மாத்திரையில் சரியாச்சே, எனக்கு ஏன் ஊசி?' என்று ஒப்பிடக் கூடாததற்குக் காரணம் இதுதான்.

சிஎம்எல் மெதுவாக வளரும் நோய். பலருக்குத் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருப்பது தெரியவரும். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சுமார் 4 ஆயிரம் முதல் 11 ஆயிரம் வரை இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள், இந்த நோயில் ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு.

அறிகுறிகள் வந்தால் அவை இப்படி இருக்கலாம்: காரணமில்லாத அசதி, எடை குறைவு, இரவில் வியர்த்துக் கொட்டுவது, இடது பக்க மேல்வயிற்றில் கனம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு. மண்ணீரல் வீங்குவதால் வயிற்றுத் தொந்தரவு வருகிறது. 'கேஸ் டிரபிள்தான்' என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டே மாதங்களை ஓட்டிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

மேலை நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் 60 வயதை ஒட்டி வருகிறது. இந்தியாவில் 30-களிலும் 40-களிலும் இருப்பவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதாவது, வீட்டில் சம்பாதிக்கிறவருக்கே வருகிறது.

புதுக்கோட்டையில் எத்தனை பேருக்கு வரலாம்?

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 1 முதல் 2 பேருக்கு புதிதாக சிஎம்எல் வருகிறது என்பது உலக அளவிலான பொதுக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 16 லட்சத்து 18 ஆயிரம். அந்தக் கணக்கை அப்படியே போட்டால், மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 16 முதல் 32 பேர் வரை புதிதாக வரலாம். இது பதிவான எண்ணிக்கை இல்லை, ஒரு தோராய மதிப்பீடு மட்டுமே.

எண்ணிக்கை சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முன்பு இந்த நோய் வந்தவர்கள் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள். இப்போது அவர்கள் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். எனவே ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வருகிறவர்கள் பழைய நோயாளிகளோடு சேர்ந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் மாத்திரை வேண்டும்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. சிஎம்எல் நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு செல்லில் 9-ம் எண் குரோமோசோமும் 22-ம் எண் குரோமோசோமும் ஒரு துண்டை இடம் மாற்றிக்கொள்கின்றன. அதனால் 22-ம் எண் குரோமோசோம் குட்டையாகிவிடுகிறது. 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் ஆகியோர் இந்தக் குட்டைக் குரோமோசோமைக் கண்டுபிடித்ததால் அதற்கு 'பிலடெல்பியா குரோமோசோம்' என்றே பெயர். இது இரண்டு குரோமோசோம்களின் இடமாற்றத்தால் வருகிறது என்று 1973-ல் நிரூபித்தவர் ஜேனட் ரவ்லி.

இந்தக் கோளாறு பிறவியிலேயே வருவதில்லை, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. கல்யாணப் பேச்சிலும் பந்தியிலும் ஒதுக்கி வைக்க எந்தக் காரணமும் கிடையாது.

இடம் மாறிய துண்டுகள் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் 'பிசிஆர்-ஏபிஎல்' என்ற புதிய மரபணு உருவாகிறது. அது ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. செல்லுக்கு 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் உத்தரவு போடுவதுதான் அந்தப் புரதத்தின் வேலை.

போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் ஆன் நிலையிலேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் நிரம்பி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. இங்கேயும் அதே கதைதான். வெள்ளை அணுக்கள் நிரம்பி வழிகின்றன, உத்தரவு நிற்கவில்லை.

இந்தப் புரதம் வேலை செய்ய 'ஏடிபி' என்ற சக்தி மூலக்கூறு அதன் ஒரு குழியில் வந்து உட்கார வேண்டும். இமாட்டினிப் அந்தக் குழியில் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறது. கரண்ட் கிடைக்காத மோட்டார் போல அந்தப் புரதம் நின்றுவிடுகிறது.

பழைய கீமோதெரபி வேகமாக வளரும் எல்லா செல்களையும் தாக்கும். முடி கொட்டுவது, வாய்ப்புண் எல்லாம் அதனால்தான். இமாட்டினிப் முக்கியமாக நோய்க்குக் காரணமான புரதத்தைக் குறிவைக்கிறது. 'இலக்கு சிகிச்சை' என்று இதைச் சொல்வது அதனால்தான்.

இதில் இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. மாத்திரை ஸ்டார்ட்டரை அணைத்து வைக்கிறதே தவிர, பெரும்பாலும் அதைக் கழற்றி எறிவதில்லை. மாத்திரையை விட்டால் மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கும் ஆபத்து எப்போதும் உண்டு.

எவ்வளவு பலன் கிடைத்தது?

அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தைச் சேர்ந்த டாக்டர் பிரையன் ட்ரூக்கரும், நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து இந்த மருந்தை நோயாளிகளிடம் கொண்டுவந்தார்கள். 1998-ல் முதல் கட்ட ஆய்வு தொடங்கியது. தினமும் 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. புற்றுநோய் மருத்துவத்தில் இப்படி ஒரு முடிவு மிக அபூர்வம். 2001 மே 10 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இந்தியாவில் நோவார்ட்டிஸ் இதை 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றது.

அடுத்து நடந்த பெரிய ஆய்வில் இமாட்டினிப் எடுத்த நோயாளிகளை 10 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள். 10 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 83%. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் காசும், பொருந்தும் கொடையாளியும் இல்லாதவர்களுக்கு நம்பிக்கையே இல்லாத ஒரு நோய், பிரஷர், சுகர் போல மாத்திரையில் கட்டுப்படும் நோயாக மாறியது.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இமாட்டினிப்பைச் சேர்த்தது. இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் அது இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மத்திய அரசு உச்சபட்ச விலை நிர்ணயிக்கிறது.

சென்னையில் என்ன நடந்தது?

மருந்து நல்ல மருந்துதான். விலைதான் கைக்கு எட்டவில்லை.

1998 ஜூலையில் நோவார்ட்டிஸ், இமாட்டினிப் மெசிலேட் மருந்தின் 'பீட்டா படிக' வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அந்தச் சமயத்தில் இந்தியாவில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரும் சட்டம் இல்லை. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த இந்தியா, 2005 முதல்தான் அதைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரை இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் பெட்டியில் காத்திருந்தன.

இடையில் 2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்கு 'பிரத்யேக விற்பனை உரிமை' கிடைத்தது. அதை வைத்து நிறுவனம் நீதிமன்றம் போனது. 2004-ல் சென்னை உயர் நீதிமன்றம், சில இந்திய நிறுவனங்கள் இந்த மருந்தைத் தயாரித்து விற்க இடைக்காலத் தடை விதித்தது. மலிவு மருந்தை நம்பியிருந்த நோயாளிகளுக்கு அது பேரிடி.

2005-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதில் வந்ததுதான் 3(டி) பிரிவு. அது சொல்வது சுருக்கமாக இவ்வளவுதான்: ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்தை மட்டும் காட்டி காப்புரிமை வாங்க முடியாது. பழையதைவிட அதன் செயல்திறன் கூடியிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும்.

புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும், சிப்லா, நாட்கோ, ரான்பாக்ஸி, ஹெட்டிரோ ஆகிய நிறுவனங்களும் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை எதிர்த்தன. 2006 ஜனவரி 25 அன்று சென்னை காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது.

நோவார்ட்டிஸ் விடவில்லை. 3(டி) பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு போட்டது. நீதிபதிகள் ஆர்.பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. மருந்து என்று வரும்போது செயல்திறன் என்பது நோயைக் குணப்படுத்தும் திறன்தான் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. 2009 ஜூனில் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை தர மறுத்தது.

கடைசியாக 2013 ஏப்ரல் 1. நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு நோவார்ட்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. புது வடிவம் உடலில் 30% அதிகம் சேர்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். அது நோயைக் குணப்படுத்தும் திறனைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. ஆதாரம் இல்லை, காப்புரிமையும் இல்லை.

நிறுவனத்தின் தரப்பு என்ன?

ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் செலவாகிறது, காப்புரிமை கிடைக்காவிட்டால் புது மருந்து கண்டுபிடிக்க யார் முன்வருவார்கள் என்பது நோவார்ட்டிஸின் கேள்வி. இந்தியாவில் கிளிவெக் எடுக்கும் நோயாளிகளில் 95% பேருக்கு, அதாவது சுமார் 16 ஆயிரம் பேருக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்றும் நிறுவனம் சொன்னது.

அந்த உதவியால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு கேட்டதும் நியாயமான கேள்விதான். யாருக்குக் கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்பதை நிறுவனம் முடிவு செய்யும்போது, நோயாளி அதன் தயவில்தானே இருக்க வேண்டும்? மருந்து மலிவாகக் கடையிலும் அரசு மருத்துவமனையிலும் கிடைத்தால் யாருடைய தயவும் தேவைப்படாது.

இந்தத் தீர்ப்பு இந்தியாவில் மருந்துக் காப்புரிமையே கிடையாது என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உண்மையிலேயே புதிய மருந்துக்குக் காப்புரிமை இன்றும் உண்டு. பழையதைக் கொஞ்சம் மாற்றி உரிமையை நீட்டிக்கொள்வதைத்தான் நீதிமன்றம் தடுத்தது.

விலை குறைந்தும் சிகிச்சை ஏன் தோற்கிறது?

இனிதான் முக்கியமான பகுதி. மாத்திரை மலிவாகிவிட்டது. அப்படின்னா எல்லோரும் பிழைத்துவிடுகிறார்களா? இல்லை. பெரிய காரணங்களில் ஒன்று, மாத்திரையை விட்டு விட்டுப் போடுவது.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர்கள் தங்களிடம் சிகிச்சை பெற்ற 500-க்கும் மேற்பட்ட சிஎம்எல் நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். 2011-ல் அமெரிக்காவின் ரத்தவியல் மருத்துவ இதழ் ஒன்றில் அந்த ஆய்வு வெளியானது. தகுந்த காரணம் இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரையை நிறுத்தியவர்கள் சுமார் 30%. ஐந்தாண்டு முடிவில், ஒழுங்காக மாத்திரை போட்டவர்களில் சுமார் 77% பேர் நோய் முற்றாமல், சிகிச்சை தோற்காமல் இருந்தார்கள். இடையில் விட்டவர்களில் அது சுமார் 60%தான்.

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் நடந்த, 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வின் முடிவு இன்னும் கடுமையானது. 90%-க்கு மேல் ஒழுங்காக மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 94% பேருக்கு, 6 ஆண்டுகளில் நோயின் அளவு மிகக் கீழே இறங்கும் வாய்ப்பு இருந்தது. அதற்குக் கீழே போனவர்களுக்கு வாய்ப்பு சுமார் 28% மட்டுமே.

90% என்றால் என்ன? 30 நாளில் 27 நாள். மாதத்தில் மூணு நாள் விட்டாலே எல்லைக்கோட்டுக்கு வந்துவிடுகிறோம். அதற்கு மேல் விட்டால் ஆபத்துப் பக்கம்.

மாத்திரையை ஏன் விடுகிறார்கள்?

நோயாளியைத் திட்டினால் தீரும் பிரச்சினை இல்லை இது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, உடம்பு நன்றாக ஆகிவிடுவது. சில வாரங்களில் ரத்த அணுக்கள் இயல்புக்கு வந்துவிடும், வயிற்றுக் கனம் போய்விடும். 'அதான் நல்லா இருக்கேனே, இன்னும் எதுக்கு மாத்திரை?' என்ற எண்ணம் வருவது இயல்பு. ரத்த எண்ணிக்கை சரியாவது முதல் படி மட்டுமே. மஜ்ஜைக்குள் நோய் செல்கள் அப்போதும் இருக்கும்.

இரண்டு, பக்க விளைவுகள். கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், வயிற்றுப்போக்கு, தசைப்பிடிப்பு, தோலில் தடிப்பு, தோல் நிறம் வெளுப்பது ஆகியவை வரலாம். பெரும்பாலானவற்றைச் சமாளிக்க வழி இருக்கிறது. ஆனால் அதை டாக்டரிடம் சொல்லாமல் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

மூன்று, தூரம். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் கட்டப் பரிசோதனைக்கு இது பெரிய வசதி. ஆனால் சிறப்பு ரத்தவியல், புற்றுநோய் சிகிச்சை என்று வரும்போது தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சென்னை என்று போக வேண்டிய நிலை வருகிறது. சென்னை மட்டும் ஏறக்குறைய 390 கிலோமீட்டர். கோட்டைப்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவருக்கும், கறம்பக்குடியில் தோட்ட வேலைக்குப் போகிறவருக்கும் ஒரு தடவை போய் வருவது என்றால் இரண்டு, மூன்று நாள் கூலி போச்சு. கூட வருகிறவரின் கூலியும் போச்சு. அந்த மாதம் கையில் காசு இல்லையென்றால் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போகும். இந்த நோயில் அந்த ஒரு மாதம் மிகப் பெரியது.

3 மாதத்துக்கு ஒரு முறை என்ன பரிசோதனை?

மாத்திரை வேலை செய்கிறதா என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாதாரண ரத்தப் பரிசோதனையும் போதாது. பிசிஆர்-ஏபிஎல் மரபணுவின் அளவைக் கணக்கிடும் தனிப் பரிசோதனை தேவை. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன பிசிஆர் தொழில்நுட்பம்தான். ஆனால் இங்கே பார்ப்பது வைரஸை இல்லை, நோய் மரபணு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை.

சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்லும் இலக்கு இதுதான்: 3 மாதத்தில் 10% அல்லது அதற்குக் கீழே, 6 மாதத்தில் 1% அல்லது அதற்குக் கீழே, ஓராண்டில் 0.1% அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும்.

இறங்கவில்லை என்றால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, 'மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?' என்பதுதான். ஒழுங்காகப் போட்டும் இறங்கவில்லை என்றால், மருந்துக்குப் பிடிகொடுக்காதபடி நோய் மரபணு மாறியிருக்கிறதா என்று பார்த்து மருந்தை மாற்றுவார்கள். டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப், பொனாட்டினிப், அசிமினிப் என்று அடுத்தடுத்த மாத்திரைகள் வந்திருக்கின்றன. இதில் அசிமினிப் மருந்துக்கு இருந்த ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பர் 22 முதல் முழுமையாக நீக்கப்பட்டது. வரி போனாலும் புது மருந்துகளின் அடிப்படை விலை சாதாரணக் குடும்பங்களுக்கு இன்னும் பெரிய பாரம்தான். ஆகவே முதல் மாத்திரையான இமாட்டினிப்பை ஒழுங்காகப் போட்டு, அதிலேயே நோயைக் கட்டுக்குள் வைப்பது உடம்புக்கும் நல்லது, பாக்கெட்டுக்கும் நல்லது.

வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

பெரும்பாலோருக்கு ஆம். நோயின் அளவு பல ஆண்டுகள் மிக மிகக் கீழே இருந்த சிலருக்கு மட்டும், டாக்டரின் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். அப்படி நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. மறுபடி மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. ஆனால் அடிக்கடி பிசிஆர் பரிசோதனை செய்யும் வசதி இருந்தால்தான் இது பாதுகாப்பு. நாமே முடிவெடுத்து நிறுத்துவது இதில் சேராது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* மாத்திரையைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீருடன் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் அதிகமாகும்.
* ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.
* கடைசி மாத்திரை தீரும் வரை காத்திருக்காமல், 10 நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிட வேண்டும். கடலுக்கோ, வெளியூர் வேலைக்கோ, திருவிழாவுக்கோ போனாலும் அட்டை கூடவே இருக்கட்டும்.
* விரதம், நோன்பு காலத்தில் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும்.
* வலி மாத்திரை, காசநோய் மருந்து, வலிப்பு மருந்து, நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். சில மருந்துகள் இமாட்டினிப்பின் அளவை உடலில் கூட்டும், சில குறைக்கும்.
* கிரேப்ஃப்ரூட் பழச்சாறு கூடாது. இது திராட்சை இல்லை, பம்ப்ளிமாஸ் வகையைச் சேர்ந்த பழம். பம்ப்ளிமாஸ் சாப்பிடும் முன்பும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.
* கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள், பால் கொடுப்பவர்கள் கட்டாயம் டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். இந்த மருந்து கருவைப் பாதிக்கலாம்.
* காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீர் எடை கூடுதல், ரத்தக் கசிவு இருந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

செலவுக்கும் பயணத்துக்கும் என்ன உதவி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வசதி உண்டு, புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் அடங்கும். தங்களுக்கு எழுதப்பட்ட மாத்திரையும் பிசிஆர் பரிசோதனையும் அதில் வருமா என்பதை, சிகிச்சை பெறும் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சலுகை ரயிலில் இருக்கிறது. சிகிச்சைக்காகவோ, தொடர் பரிசோதனைக்காகவோ போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு அந்த வகுப்புகளில் 75% தள்ளுபடி. மருத்துவமனை தரும் உரிய சான்றிதழ் தேவை. ராமேஸ்வரம் – சென்னை ரயில்களில் சில புதுக்கோட்டை வழியாகப் போகின்றன.

அடையாறுக்கும் புதுக்கோட்டைக்கும் ஓர் உறவு

மாத்திரையை விடுவதால் வரும் ஆபத்தைக் கணக்கிட்டுச் சொன்ன அதே அடையாறு மருத்துவமனையின் வேர் புதுக்கோட்டையில்தான் இருக்கிறது. அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான் அவரை இந்த முயற்சிக்குத் தள்ளியது. 1954-ல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை தொடங்கியது. 'புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி?' என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது.

இன்று சிஎம்எல் வந்தால் சாவுதான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த மாவட்டத்து நோயாளி, அவர் கட்டிய மருத்துவமனைக்கு வர இன்னும் ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்து என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்தத் திட்டத்தின் அடிப்படையே. சிஎம்எல்லும் இப்போது தினசரி மாத்திரையில் கட்டுப்படும் நோய்தான். மாவட்டத்துக்கு மொத்தமே சில நூறு பேர் இருக்கக்கூடிய ஒரு நோய்க்கு, மாதந்தோறும் மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்று போனில் விசாரிப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. பிசிஆர் பரிசோதனைக்கு நோயாளிதான் பயணம் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ரத்தத்தை மாவட்டத் தலைநகரிலேயே எடுத்து, உரிய முறையில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப முடியும்.

மாதம் 1.20 லட்சம் ரூபாய் என்ற சுவரை உடைக்க, விண்ணப்பத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை 15 ஆண்டுகள் ஆனது. அந்த வெற்றி ஒரு நோயாளிக்குப் பலன் தருகிறதா என்பதை அவர் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம். மாதம் 30 மாத்திரையில் மூணு மிச்சம் இருந்தாலே, அது டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்.

குறிப்பு: இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்கானது மட்டுமே. மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எல்லாம் சிகிச்சை தரும் டாக்டரின் ஆலோசனைப்படிதான் இருக்க வேண்டும்.